ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மேல

பஞ்சரான பஸ்ஸுக்கு ஸ்டெப்னியிலயும் காத்து இல்லியாம். பெருந்துறையில இருந்து வேற டயர் வரோணுமாம். அதுக்கு நீங்க எதுக்கு அம்மிணி இந்த வெயில்ல அங்கியும் இங்கியும் நடந்துட்டு? நீங்க நடந்தா டயர்ல காத்து ஏறிருமா? இங்க வாங்க. இந்த வேப்ப மரத்தடியில நெழல் நல்லா இருக்குது. துண்டு விரிச்சிருக்கறேன், உக்காருங்க.

போனை எடுக்காதீங்க. இப்பத்தான பாத்தீங்க. அதுக்குள்ள அதுல என்ன மாறியிருக்கப் போகுது?

உங்களைக் கொறை சொல்லலீங்க. நான் உங்களைக் காட்டிலும் மோசமா இருந்தவ. முன்னாடியா இருந்தா இந்நேரத்துக்கு டிரைவர் சட்டையப் புடிச்சிருப்பேன். இப்ப என்னை ஊட்டுல என்ன சொல்றாங்க தெரியுங்களா? சோம்பேறி. எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு, அவரு தங்கச்சி சொல்லுது. இப்ப சங்ககிரியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றனே, அங்க பந்தியில பக்கத்துல உக்காந்த பொம்பள சொல்லுது, "துளசிமணி ஆப்பிரிக்கா போயி சோம்பேறியாத் திரும்பி வந்துட்டா"ன்னு. ஆமான்னேன். சோம்பேறிதான். அதைக் கத்துக்க நான் எத்தனை தூரம் போனேன், எத்தனை பாடுபட்டேன், உனக்கென்ன தெரியும்னு கேட்டேன். வாயில வெச்ச ஜிலேபியோட அப்படியே பாத்துச்சு.

பன்னெண்டு வயசுல பனியன் கம்பெனிக்குப் போனவ நான். தைக்கறவங்களுக்குத் துணி எடுத்துக் குடுத்து மடிக்கற வேலை, கைமடின்னு சொல்லுவோம். அதுல ஆரம்பிச்சு டெய்லர், செக்கிங், அப்பறம் ஒரு வரிசை மிஷினுக்கு மேல லைன் சூப்பர்வைசர். திருப்பூர்ல வந்து விசாரிச்சுப் பாருங்க. துளசிமணியக்கா செருப்புச் சத்தம் கேட்டா மிஷின் தானா ஓடும்பாங்க. பாத்ரூம் போன புள்ள திரும்பி வர்ற வரைக்கும் கதவைப் பாத்துட்டே நிப்பேன். டீ குடிக்கறதுன்னா ஒரு கையில கிளாஸ், ஒரு கையில பீஸ். உக்காந்து டீ குடிச்சவளே இல்லீங்க நான். பையன் பொறந்து பச்சை ஒடம்போட வந்து லைன்ல நின்னவ.

எங்க கம்பெனிக்காரங்க எத்தியோப்பியாவுல ஒரு ஃபேக்டரி போட்டாங்க. அங்கத்திப் புள்ளைங்களுக்கு வேலை பழக்கிக் குடுக்க ஆள் வேணும், ரெண்டு வருசம், போறியான்னாங்க. அப்ப நாப்பத்தெட்டு வயசு எனக்கு. பையனுக்கு அப்பத்தான் கல்யாணம் முடிச்சிருந்தோம். எங்க ஊட்டுக்காரரு ஊட்டுக்குக் கீழ சின்னதா ஒரு செட்டு போட்டு, கம்பெனிகள்ல இருந்து தைச்ச பீஸ் வாங்கிப் பிசிறு நூலு வெட்டி, அயர்ன் பண்ணி, பேக் பண்ணிக் குடுக்கறாரு. "போயிட்டு வா புள்ள, செட்டை நான் பாத்துக்கறேன்"ன்னாரு. ஏறிட்டேன் பிளேன்ல.

ஹவாசான்னு ஒரு ஊரு. பெரிய ஏரி. ஏரிக்கரையில ஆள் உசரத்துக்குக் கொக்கு மாதிரி ஒரு பறவை, கழுத்துல முடி இல்லாம, கையைப் பின்னாடி கட்டிட்டு நிக்கற ஆபீசராட்டம் நிக்கும். மீன் அறுக்கறவங்க தலையைத் தூக்கிப் போடற வரைக்கும் அசையாது. அதைப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வரும். பறக்கறதுக்கு றெக்கை இருக்குது, எதுக்கு நிக்கோணும்னு.

ஆளுங்களும் அப்படித்தான். ஒருத்தரை ஒருத்தர் பாத்தா, நல்லா இருக்கியா, அம்மா நல்லா இருக்காங்களா, மாடு நல்லா இருக்குதா, ராத்திரி நல்லாத் தூங்குனியான்னு கையைப் புடிச்சிட்டு விடவே மாட்டாங்க. லைன் ஓடிட்டிருக்கும், இவங்க மாட்டை விசாரிப்பாங்க. முதல் மூணு மாசம் நான் கத்தாத கத்து இல்லை. தொண்டை கட்டிக்கிச்சு.

என்ற லைன்ல மெசரெத்துன்னு ஒரு புள்ள. இருவது வயசு இருக்கும். கை அப்படி ஒரு வேகம். அவ ஒருநாள் வரலை. அடுத்த நாளும் வரலை. விசாரிச்சா, பக்கத்து ஊட்டுல சாவாம். பக்கத்து ஊட்டுல செத்தா இவ எதுக்கு லீவு போடறா? நேராப் போயிட்டேன். திருப்பூர்ல இப்படி எத்தனை பேரை ஊட்டுல போயி இழுத்துட்டு வந்திருக்கறேன்.

போனா, வாசல்ல அவங்கம்மா. அல்மாஸ்னு பேரு. என்ற வயசுதான் இருக்கும், நல்ல ஆகிருதி. நான் எதுக்கு வந்தேன்னே கேக்கலை. கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி, சின்ன ஸ்டூல்ல உக்கார வெச்சிருச்சு. கீழ பச்சைப் புல்லு அறுத்துப் பரப்பியிருக்குது. சாம்பிராணி போட்டிருக்குது. நாலஞ்சு பொம்பளைங்க பேசாம உக்காந்திருக்காங்க. மெசரெத் கரியடுப்புல பச்சைக் காப்பிக் கொட்டையக் கழுவிப் போட்டு வறுக்கறா. வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருத்தர் மொகத்துக்கு நேராவும் கொண்டாந்து காட்டறா, கோயில்ல தீவாரணை காட்டற மாதிரி. அப்பறம் இடிக்கறா. அப்பறம் மண் ஜாடியில தண்ணி வெச்சுப் போடறா. எனக்கு உள்ள கொதிக்குது. "எனக்கு வேலை இருக்குது"ன்னு எந்திரிச்சேன். எனக்கு இங்கிலீஷ் ஓட்டை, மெசரெத்துக்கும் ஓட்டை. ரெண்டு ஓட்டையும் சேந்து எப்படியோ பேச்சு ஓடும். அவங்கம்மா என்னமோ சொல்லுச்சு. "காப்பி இன்னும் பொறக்கவே இல்லை, அதுக்குள்ள எங்க போறீங்கன்னு கேக்கறாங்க"ன்னா மெசரெத்.

ஒரு கப்பு குடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன். எல்லாப் பொம்பளைங்களும் என்னைப் பாக்கறாங்க. பொறவுதான் தெரிஞ்சுது, அங்க மூணு தடவை ஊத்துவாங்க. மூணாவதுக்குத்தான் ஆசீர்வாதம். மொதல் கப்போட எந்திரிச்சுப் போனா, சண்டை போட்டுட்டுப் போறதுக்குச் சமானமாம். மெசரெத் அன்னிக்கு என்கூட வரலை. அடுத்த நாள் அவளா வந்தா.

வந்தவ சும்மா வந்தாளா? "அம்மா ஞாயித்துக்கிழமை உங்களைப் புன்னாவுக்குக் கூப்புட்டாங்க. ஒம்போது மணிக்கு"ன்னா. காப்பிக்கு அங்க புன்னான்னு பேரு. மாட்டேங்கலாம்னுதான் நெனச்சேன். ஆனா ஞாயித்துக்கிழமை ரூம்ல தனியா என்ன பண்றது? துவைச்ச துணியவே திரும்பத் துவைச்சிட்டு இருப்பேன். போலாம்னு, காலையில ஒம்போதுக்கு டாண்ணு போயி நின்னேன்.

அல்மாஸ் தலைக்குத் துணி சுத்திட்டு, பல்லு வெளக்கிட்டு நிக்குது. என்னைப் பாத்ததும் சிரிச்சுது பாருங்க, செவுத்தைப் புடிச்சிட்டு சிரிச்சுது. அங்க மணிக்கணக்கே வேற அம்மிணி. பொழுது கெளம்பறதுல இருந்து எண்ணுவாங்க. அவங்க ஒம்போதுன்னா நமக்கு மத்தியானம் மூணு. சரி, நான் போயிட்டு மூணு மணிக்கு வர்றேன்னேன். விடலை. வந்த ஆளை எப்படி அனுப்பறதுன்னு கையைப் புடிச்சு உள்ள இழுத்துருச்சு.

காலையில இருந்து மூணு மணி வரைக்கும். வேலை கெடையாது. பேச பாஷை கெடையாது. நான் என்ன பண்ணுனேன், பையில பிசிறு வெட்டற சின்னக் கத்திரி எப்பவும் இருக்கும், அதை எடுத்து அல்மாஸ் மடிச்சு வெச்சிருந்த துணியில நூல் தேடித் தேடி வெட்டிட்டு இருந்தேன். அது வந்து பாத்துச்சு. கத்திரியை வாங்கி, ரவிக்கைக்குள்ள போட்டுக்கிச்சு. எங்கிட்ட யாரும் அப்படிப் பண்ணுனதில்லீங்க. கோவமா வருது. ஆனா ரவிக்கைக்குள்ள கையை விட்டு எடுக்க முடியுமா?

சும்மா உக்காந்தேன். உக்காந்தா, கை தானா ஆடுது. மடியில கையை வெச்சிருக்கறேன், வெரலெல்லாம் துணி மடிக்கற மாதிரி மடிக்குது, நீட்டுது, மடிக்குது. நிறுத்தோணும்னு நெனச்சாலும் நிக்க மாட்டேங்குது. அல்மாஸ் அதையே பாத்துட்டு இருந்துட்டு, பக்கத்துல வந்து உக்காந்து, அது கையை எடுத்து என் கை மேல வெச்சுது. அழுத்தலை. சும்மா வெச்சுது. மாட்டு மேல கை வெப்பமே, அந்த மாதிரி. எவ்வளவு நேரம்னு தெரியலை. கை நின்னுருச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு. துக்கமும் இல்லை, சந்தோசமும் இல்லை. பொடனியில இத்தனை வருசமா ஒரு மூட்டை இருந்திருக்குது, இறக்குனப்பத்தான் இருந்ததே தெரியுது.

அதுக்கப்பறம் ஒரு ஞாயித்துக்கிழமை விடலீங்க. மூணு மணிக்குப் போனா பொழுது சாய்ஞ்சுதான் வருவேன். அந்த ஏரிக்கரைப் பறவை இருக்குதே, அதைப் பாக்கக்கூட அல்மாஸும் நானும் போயி உக்காந்திருப்போம். அது எங்களைப் பாக்கும், நாங்க அதைப் பாப்போம். மெசரெத் தங்கமான புள்ள. நாங்க உக்காந்திருந்தா அவ ஒரு நிமிசம் உக்கார மாட்டா. புல்லு அறுக்கறது, தண்ணி கொண்டாறது, அடுப்பு ஊதறது, சோளம் பொரிக்கறது, கப்பு கழுவறது, மறுபடி ஊத்தறது. ஒரு மொகச் சுளிப்பு கெடையாது. அப்படிப் புள்ளைங்களை இங்க பாக்க முடியுமா?

ஒரே கொறை. திங்கக்கிழமை காலையில லைன்ல கண்ணு சொக்கும் அவளுக்கு. ஒரு நாள் திட்டிட்டேன். "ஞாயித்துக்கிழமை எதுக்கு லீவு உடறோம்? உன்ற அம்மாவைப் பாரு, என்னைப் பாரு. ரெஸ்ட் எடுக்கக் கத்துக்கோணும்"னேன். என்னையே பாத்துட்டு நின்னா. அப்பறம் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

பிரச்சினை எங்க ஊட்டுக்காரருகிட்ட இருந்துதான் வந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை போன் அடிச்சிருக்காரு. நான் எடுக்கலை. மூணாவது கப்பு ஊத்தற நேரம், எப்படி எடுக்கறது? திரும்பத் திரும்ப அடிச்சு, மேனேஜருக்கு அடிச்சு, ஊரையே கூட்டிட்டாரு. ராத்திரி பேசுனேன்.

"எங்க போயிருந்தே?"

"காப்பி குடிக்கப் போயிருந்தனுங்க."

"காப்பி குடிக்க மூணு மணி நேரமா? எவங்கூட?"

எவங்கூடங்கறாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அல்மாஸ்கூட"ன்னேன். "அல்மாஸா? அது யாரு ஆம்பளை?"ன்னு கத்தறாரு. ஒரு வாரம் நான் பேசலை. அடுத்த ஞாயித்துக்கிழமை போனை ரூம்லயே வெச்சுட்டுப் போனேன்.

அப்பறம் ஒரு ஷிப்மென்ட் லேட்டாச்சு. மேனேஜர் தாமோதரன், நம்ம பக்கத்து ஆளுதான், "அக்கா, இனி நாலு வாரத்துக்கு ஞாயித்துக்கிழமையும் லைன் ஓடோணும். நீங்க சொன்னா புள்ளைங்க வரும்"ன்னாரு. நான் வரமாட்டேன்னேன்.

"நீங்களா பேசறது?"

"நாந்தானுங்க. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மேல நான் எங்கியும் வரமாட்டேன்."

"எதுக்கு?"

"சும்மா உக்காந்திருக்கோணும்."

அந்த மனுசன் எனக்குக் காய்ச்சல் கண்டிருச்சுன்னு நெனச்சு நர்சைக் கூப்புட்டாரு. நிசமாத்தானுங்க. நர்சு வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுச்சு. ரெண்டு வருசம் முடியறதுக்கு முன்னாலயே டிக்கெட் போட்டு அனுப்பி வெச்சுட்டாங்க. போகட்டும். நான் கெஞ்சலை. அல்மாஸ் ஒரு மண் ஜாடி குடுத்துச்சு. ஒடைஞ்சுரும்னு பிளேன்ல மடியிலயே வெச்சுட்டு வந்தேன். மெசரெத்துக்குத்தான் என்மேல எத்தனை பாசம், ஏர்போர்ட்டு காருக்குக்கூட அவதான் பெட்டியத் தூக்கிட்டு வந்தா.

ஊட்டுக்கு வந்து பாத்தா, செட்டுல ஞாயித்துக்கிழமையும் வேலை. எங்க ஊட்டுக்காரரு, பையன், வேலைக்கு வர்ற பொம்பளைங்க, எல்லாரும் கழுத்து வரைக்கும் பீஸுக்குள்ள. நான் சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மேல இங்க யாரும் எதையும் தொடக்கூடாதுன்னு. சிரிச்சாங்க. சரின்னு, மூணு மணிக்கு ஒரு சேரை எடுத்துட்டுப் போயி செட்டு வாசல்ல நட்ட நடுவுல போட்டு உக்காந்துட்டேன். உள்ள இருந்து பண்டலும் வெளிய போக முடியாது, வெளிய இருந்து ஆளும் உள்ள வர முடியாது. கம்பெனி வேன் வந்து ஆரன் அடிக்குது.

"ஏம்புள்ள, எந்திரி. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

"பைத்தியம் புடிச்சிருச்சுங்கறாங்க."

"சொல்லட்டும். என்னை சேரோட தூக்குனா வேணா வழி கெடைக்கும். தூக்குங்க பாக்கலாம்."

எங்க ஊட்டுக்காரரு மெலிசு. என்னை எங்க தூக்கறது? வேன் திரும்பிப் போயிருச்சு. அடுத்த வாரமும் அப்படித்தான். மூணாவது வாரம் அவரே வேன்காரனுக்கு போன் பண்ணி, ஞாயித்துக்கிழமை வராதே, இவ ஒத்துக்க மாட்டான்னுட்டாரு. வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்குப் பீஸ் கணக்குல கூலி, அது கொறையுதேன்னு மொணங்குனாங்க. மூச்சு விடக் கத்துக்கங்கன்னு சொல்லி அனுப்புனேன்.

அன்னில இருந்து ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுல புன்னா. மொதல்ல எங்க ஊட்டுக்காரரு முள்ளு மேல உக்காந்த மாதிரி உக்காந்திருப்பாரு. ரெண்டு மாசம் ஒரு பேச்சு இல்லை. ஒரு நாள் மூணாவது கப்பைக் கையில வெச்சுட்டு, பூமியப் பாத்துட்டே சொல்றாரு, "அன்னிக்கு நீ போன் எடுக்கலியே, நீ திரும்பி வரவே மாட்டியோன்னு நெனச்சேன். செட்டுல எல்லாரும் போனதுக்கப்பறம் லைட்டக்கூடப் போடாம உக்காந்திருந்தேன்"னு. இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஒரே ஊட்டுல இருக்கறோம், ஒருக்காக்கூட இந்த மனுசன் இப்படிப் பேசுனதில்லை. அவரு கப்புல இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னேன்.

யாரு ஊத்துனாங்கன்னு கேக்கறீங்களா? என்ற மருமகதான். கவிப்பிரியா. ஒரு எக்ஸ்போர்ட்டு ஆபீஸ்ல வேலை, ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு, அதனால ஊட்டுல இருப்பா. எல்லாம் அவதான். கொட்டை கழுவறது, வறுக்கறது, புகை காட்டறது, இடிக்கறது, ஊத்தறது. நான் பக்கத்துல உக்காந்து, இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும், கையைச் சுத்தி வறு, அவசரப்படாதேன்னு சொல்லிக் குடுப்பேன். அவசரப்பட்டா அதுல என்ன ருசி? ஒழுங்காத்தான் செஞ்சிட்டு இருந்தா.

போன ஞாயித்துக்கிழமை வர்றா. கையில வாணலி இருக்குது. அதைக் கொண்டாந்து அடுப்புக்குப் பக்கத்துல வெச்சுட்டு, எனக்கு எதுத்தாப்பல செவுத்துல சாஞ்சு, காலை நீட்டி உக்காந்துட்டா.

"என்ன கண்ணு?"

"இன்னிக்கு நானும் சும்மா உக்காரப் போறனுங்க அத்தை."

"அப்ப யாரு வறுக்கறது?"

"தெரியலீங்க அத்தை."

எப்படி இருக்கும் எனக்கு? மாமியாகிட்டப் பேசற பேச்சா? மாமனாரு எதுத்தாப்பல இருக்காரு, காலை நீட்டிட்டு! எங்க ஊட்டுக்காரரு கூரையைப் பாக்கறாரு. பையன் போனைப் பாக்கறான். நான் அவளைப் பாக்கறேன். அவ என்னைப் பாக்கறா, மொறைக்கலை, சும்மா பாக்கறா. நான் எத்தனை லைனை மேச்சவ, பாக்கற பார்வையிலயே எந்திரிக்க வெச்சிருக்கறேன். இவ எந்திரிக்கலை. அடுப்புல கரி சாம்பல் பூக்குது. எனக்குத் தாங்கலை. எந்திரிச்சேன். அவ சொன்னதுக்காக இல்லீங்க. கரி வீணாப் போகுதுன்னுதான்.

வறுத்தேன். பாதி கருகிருச்சு. குனிஞ்சு புகை காட்டறப்ப முதுகு புடிச்சுக்கிச்சு. இடிச்சு, ஊத்தி, கப்பு கழுவி, மறுபடி தண்ணி வெச்சு... அது என்ன வேலைங்கறீங்க! உக்கார நேரமே இல்லை. ரெண்டு கப்பு கசக்கக் கசக்கக் குடிச்சா அவ. "நல்லாருக்குதுங்க அத்தை"ங்கறா. மூணாவதை ஊத்தி எடுத்துட்டுப் போனா, தூங்கிட்டா. வாயைத் தெறந்துட்டு, தலை ஒரு பக்கம் சாஞ்சு, கையைக் கீழ போட்டுட்டு. அப்படி ஒரு தூக்கம். கிட்ட போயிப் பாத்தேன். கண்ணுக்குக் கீழ இத்தனை கருப்பு எப்ப வந்துச்சோ. அவ கப்பையும் நானே குடிச்சுட்டேன்.

பொழுதாயிருச்சு. பையன் எந்திரிச்சு, "அம்மா, அவளை எழுப்பு. ராத்திரிக்கு ஏதாச்சும் செய்யோணுமில்ல"ங்கறான். எங்க ஊட்டுக்காரரும் ஆமாங்கறாரு. பையன் அவ தோளைத் தொடப் போறான். எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ, வாணலியத் தூக்கிட்டேன்.

"எழுப்பித்தான் பாரேன்"னேன்.

"என்னம்மா..."

"தொடு பாக்கலாம். கை இருக்குதா இல்லையான்னு பாத்துருவோம்."

ரெண்டு பேரும் சட்டையப் போட்டுட்டு பரோட்டா வாங்கப் போயிட்டாங்க. நான் அந்தப் புள்ள பக்கத்துல உக்காந்திருந்தேன், அவளா முழிக்கற வரைக்கும். லைட்டும் போடலை.

ஆனா அம்மிணி, கோவம் கோவந்தான். காலை நீட்டுனது தப்புத்தான். இன்னும் அவகிட்டச் சரியா மொகங்குடுத்துப் பேசலை நானு.